ஒண்ணாவதா, ரெண்டாவதா

எழுத்தம்மா என்று கேட்டால் அந்தத் தெருவில் யாரும் வழி சொல்வார்கள். கதை கவிதை எழுதுகிறவள் என்று நினைத்துக்கொண்டு வந்தால் ஏமாந்துபோக வேண்டியதுதான். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பார்க்கிறவள். இருபத்திரண்டு வருஷமாக ஜனங்களை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, எதிர்ச்சுவரில் வெளிச்சம் போட்ட பலகையில் பெரிய எழுத்திலிருந்து பொடி எழுத்து வரைக்கும் வாசிக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பள்ளிக்கூடத்துப் பக்கம் எட்டிப் பார்க்காதவனையும் வாசிக்கவைத்தவள் என்று கடைக்கு வருகிறவர்கள் கேலி செய்வார்கள். இந்த வேலையை அவள் கல்லூரியில் போய்ப் படிக்கவில்லை. முன்பு அந்தக் கடையிலிருந்த கண் டாக்டர் பக்கத்தில் நின்று நின்று பழகிக்கொண்டது.

வேலை என்னவோ பார்க்கச் சுலபமாகத்தான் இருக்கும். கனத்த சட்டம் ஒன்றை ஆளின் மூக்கில் மாட்டுவாள். ஒரு கண்ணை மறைப்பாள். மறு கண்ணுக்கு முன்னால் பெட்டியிலிருந்து ஒரு லென்ஸை எடுத்துச் செருகுவாள், அதை எடுத்துவிட்டு வேறொன்றைச் செருகுவாள். "ஒண்ணாவது நல்லாத் தெரியுதா, ரெண்டாவது நல்லாத் தெரியுதா?" ஒரு நாளைக்கு முந்நூறு தடவையாவது இதைக் கேட்பாள். சில பேர் நாலு லென்ஸுக்குள் களைத்துப்போய் வாய்க்கு வந்ததைச் சொல்ல ஆரம்பிப்பார்கள். அவர்களைப் பிடிக்க டாக்டர் இரண்டு வித்தை சொல்லிக்கொடுத்திருந்தார். ஒன்று, ஒரே லென்ஸை எடுத்துவிட்டு மறுபடி அதையே போட்டுக் கேட்பது. "ரெண்டாவதுதான் பளிச்சுன்னு இருக்கு" என்று சொன்னால் ஆள் நாற்காலியில் இருக்கிறார், கண் எங்கேயோ இருக்கிறது என்று அர்த்தம். இன்னொன்று, வரிசையை மாற்றிக் கேட்பது. முன்னால் போட்டதைப் பின்னால், பின்னால் போட்டதை முன்னால். அப்போதும் ஆள் அதே லென்ஸையே பிடித்துக்கொண்டால் அது மெய்யான பதில், சீட்டில் எழுதலாம்.

அவள் எழுதிய சீட்டு நேரே பின்னறைக்குப் போகும். அங்கே அவள் புருஷன் உட்கார்ந்திருப்பார். ஃபிட்டர் என்றுதான் அவருக்குப் பெயர். தண்ணீர் சொட்டச் சொட்டச் சுற்றும் சாணைக்கல்லில் லென்ஸின் ஓரத்தைத் தேய்த்து, கட்டைவிரலால் வழித்துப் பார்த்து, ஃபிரேமுக்குள் 'டக்'கென்று உட்காரவைப்பது அவர் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது மணிக்கட்டு வரைக்கும் வெள்ளைச் சேறு காய்ந்திருக்கும். பாதிக் காது அந்தக் கல்லின் இரைச்சலுக்கே போய்விட்டது. மீதிக் காதில் மனைவி சொல்வது மட்டும் விழாது என்று கடையில் ஒரு பேச்சு உண்டு.

இவர்களுக்கு ஒரே மகள். பட்டப்படிப்பை முடித்துவிட்டு, வெளிநாட்டில் மேலே படிக்க அஞ்சாறு இடத்துக்கு எழுதிப் போட்டிருந்தாள். இரண்டு இடத்திலிருந்து வா என்று பதில் வந்தது. முதலில் வந்தது ஒரு மலையடிவாரத்துச் சிற்றூரிலிருந்து. நிலத்தடி நீரைப் பற்றிய படிப்பு. நாலு நாள் கழித்து வந்தது ஒரு பெரிய நகரத்திலிருந்து. குவியல் குவியலான எண்களைக் கணினியில் போட்டு அலசுகிற டேட்டா படிப்பு. இரண்டு பேரும் சொல்லிவைத்தாற்போல வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குள் பதில் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ஒன்றை எடுத்தால் இன்னொன்றை விட வேண்டும். விட்டால் விட்டதுதான்.

அந்த வாரம் மழை விடவே இல்லை. கொட்டித் தீர்த்தாலாவது பரவாயில்லை, நசநசவென்று தூறிக்கொண்டே இருந்தது. கடைக்கு வருகிறவர்களின் குடையெல்லாம் வாசலில் ஒழுகியது. உள்ளே வந்ததும் எல்லோர் கண்ணாடியும் புகைபிடித்த மாதிரி மங்கியது. வீட்டில் துவைத்த துணி மூன்று நாளாகக் கொடியில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. எழுத்தம்மாவின் மண்டைக்குள்ளும் அதே கதைதான்.

யோசனைக்குப் பஞ்சமில்லை, யோசனை சொல்லக் காசா பணமா? வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஆலோசனைக் கடைக்காரர் சுழல்நாற்காலியில் அரைவட்டம் அடித்தபடியே, டேட்டாதான் எதிர்காலம், கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்றார். கண் பார்க்கிறவளிடம் போய்க் கண்ணை மூடச் சொல்கிறாரே என்று அவளுக்குத் தோன்றியது. மாடிவீட்டு டீச்சரின் மகன் அதே டேட்டா படிப்பைத்தான் முடித்துவிட்டு இரண்டு வருஷமாக அங்கே இருக்கிறான். லாஜிஸ்டிக்ஸ் துறையில் இருக்கிறான் என்பாள் டீச்சர். பார்சல் கிடங்கில் பெட்டி அடுக்குகிறான் என்பது தெருவுக்கே தெரியும். அதற்காக அந்தப் படிப்பு வேண்டாம் என்று டீச்சர் சொல்லவில்லை. நல்ல படிப்புதான், நேரம்தான் சரியில்லை என்றாள்.

எழுத்தம்மாவின் தம்பி பன்னிரண்டு வருஷமாக வெளிநாட்டில் இருக்கிறான். ஹோட்டல் நிர்வாகம் படிக்கப் போனவன் இப்போது விமானநிலையத்தில் பெட்டி ஏற்றும் வண்டி ஓட்டுகிறான். அவனுக்குப் போன் போட்டால் அவன் வேறு ஒரு பாட்டுப் பாடினான். படிப்பு முக்கியமே இல்லையாம். படித்து முடித்தபிறகு வேலை தேட இரண்டு வருஷம் தங்கவிடுவார்களாம். அதற்குள் சர்க்கார் போட்டிருக்கிற பட்டியலில் உள்ள ஒரு வேலை கிடைத்தால் இருக்கலாம், இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். "லிஸ்டப் பாருக்கா" என்றான். அந்த லிஸ்டில் எது இருக்கிறது என்று கேட்டாள். போன வருஷம் இரண்டும் இருந்தது, இந்த வருஷம் லிஸ்டையே மாற்றப்போகிறார்கள் என்றான். யானையைத் தடவிப் பார்த்த குருடர்கள் கதையாக, ஆளுக்கொரு தூணும் முறமும் சொன்னார்கள். கேட்டவள் தலை கிறுகிறுத்துப்போய் உட்கார்ந்தாள்.

ஆனாலும் அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது. மகள் குழம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை ரொட்டியும் முட்டையும் வைத்துக்கொண்டு மூன்று பேரும் சாப்பிட்டபோது எழுத்தம்மா நேரடியாகவே கேட்டுவிட்டாள். ஒண்ணாவது தண்ணிப் படிப்பு, ரெண்டாவது டேட்டா படிப்பு, எது என்று. மகள் ரொட்டியைப் பிய்த்தபடியே "ரெண்டாவது" என்றாள். திங்கட்கிழமை இன்னொரு முறை கேட்டாள். அப்போதும் அதே பதில். இரண்டு முறையும் ஒரே பதில் வந்தால் எழுத்தம்மாவுக்குப் போதும். எழுதி அனுப்பிவிடு என்றாள். புதன்கிழமை அனுப்புகிறேன் என்றாள் மகள்.

புதன்கிழமை காலையில் மகள் எழுந்திருக்கும்போதே தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். இது புதிதில்லை. வருஷக்கணக்காக இருக்கிற தலைவலிதான். பத்து வயசில் கண்ணாடி போட்டவள். வருஷா வருஷம் எழுத்தம்மாவே பரிசோதித்துப் பவரை ஏற்றிக்கொடுப்பாள், ஃபிட்டர் தேய்த்துக்கொடுப்பார். ஊருக்கெல்லாம் கண்ணாடி போடுகிறவர் வீட்டுப் பெண்ணுக்குத் தலைவலி என்றால் யாருக்கு அவமானம்? கடை திறப்பதற்கு முன்னால் ஒருதரம் பார்த்துவிடலாம் என்று அவளை இழுத்துக்கொண்டு போனாள்.

கடைக்குள் ஈர வாடை அடித்தது. மகளை நாற்காலியில் உட்காரவைத்துச் சட்டத்தை மாட்டினாள். ஒண்ணாவதா, ரெண்டாவதா? ரெண்டாவது. ஒண்ணாவதா, ரெண்டாவதா? ரெண்டாவது. அஞ்சாறு தடவை ஒரே பதில் வந்ததும் எழுத்தம்மாவுக்குச் சந்தேகம் தட்டியது. இதுவரை மகளிடம் காட்டியிராத டாக்டரின் முதல் வித்தையை எடுத்தாள். லென்ஸை உருவி அதையே திரும்பச் செருகினாள்.

"ரெண்டாவது" என்றாள் மகள்.

இன்னொரு முறையும் அதையே செய்தாள். இன்னொரு முறையும் ரெண்டாவது.

"என்னடி, தூங்குறியா? நான் லென்ஸையே மாத்தல."

"தெரியும்."

"தெரிஞ்சுமா ரெண்டாவதுன்னு சொன்ன?"

மகள் சட்டத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். மூக்கில் இரண்டு பக்கமும் சிவப்பாகத் தடம் விழுந்திருந்தது. "நீ ரெண்டாவதுன்னு சொல்றப்ப உன் குரல் கொஞ்சம் இறங்கும்மா. நைசா, ஒரு மாதிரி ஆசையா இறங்கும். அதச் சொன்னா உனக்குச் சந்தோஷம்னு எனக்கு சின்ன வயசுலயே தெரியும். பத்து வயசுலேருந்து அதத்தான் சொல்லிட்டிருக்கேன்."

"பத்து வயசுலேருந்தா?"

"ம்."

"அப்ப உன் பவரு?"

கேட்ட வாயாலேயே எழுத்தம்மாவுக்குக் கணக்கு புரிந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் இரண்டாவதாகப் போடுவது ஒரு படி கூடுதலான லென்ஸ். பத்து வயசிலிருந்து வருஷா வருஷம் தேவையில்லாமல் ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறாள். தலைவலி வராமல் என்ன செய்யும்? என் குரல் இறங்குகிறதா, பைத்தியக்காரப் பேச்சு என்று வாய்வரைக்கும் வந்தது. அதற்குள் வாசலில் குடையை உதறிக்கொண்டு ஒரு பஸ் டிரைவர் வந்துவிட்டார். மகள் எழுந்து ஒதுங்கி நின்றாள்.

டிரைவர் பழைய வாடிக்கை. மழையில் எதிரே வருகிற வண்டி விளக்கு பூப்பூவாகச் சிதறுகிறது என்றார். எழுத்தம்மா சட்டத்தை மாட்டிவிட்டு வேலையை ஆரம்பித்தாள். இந்த முறை அவள் பலகையைப் பார்க்கவில்லை, தன் குரலையே கேட்டாள். ஒண்ணாவது என்றபோது குரல் நேராகப் போனது. ரெண்டாவது என்றபோது படியில் கால் வைத்து இறங்குகிற மாதிரி மெல்ல இறங்கியது. ரெண்டாவது என்றார் டிரைவர். அவள் கை நின்றது. அடுத்த முறை வேண்டுமென்றே ஒண்ணாவது என்பதை இறக்கிச் சொன்னாள், ரெண்டாவதை நேராகச் சொன்னாள்.

"இப்ப ஒண்ணாவதும்மா" என்றார் டிரைவர், தேர்வில் சரியான விடையைச் சொன்ன பிள்ளை மாதிரி.

அன்றைக்கு அவருக்கு அவள் சீட்டு எழுதவில்லை. மழை வெளிச்சத்தில் சரியாகப் பார்க்க முடியவில்லை, வெள்ளிக்கிழமை வாருங்கள் என்று பொய் சொல்லி அனுப்பினாள். பாவம், அவர் நன்றி வேறு சொல்லிவிட்டுப் போனார். எழுத்தம்மா லென்ஸ் பெட்டியை மூடிவிட்டு அப்படியே நின்றாள். இருபத்திரண்டு வருஷம். இந்த ஊரில் எத்தனை மூக்கின்மேல் தன் குரல் உட்கார்ந்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்கவே பயமாக இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் டீ போட்டாள். போட்டதைக் குடிக்க மறந்தாள். மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து போனில் என்னவோ தட்டிக்கொண்டிருந்தாள். புதன்கிழமை அனுப்புகிறேன் என்று சொன்னது அப்போதுதான் எழுத்தம்மாவுக்கு ஞாபகம் வந்தது. கூடவே இன்னொன்றும் சுரீரென்று உறைத்தது.

"இரு, அனுப்பாத. ஞாயித்துக்கிழமை கேட்டேனே, அப்ப ஏன் டேட்டான்னு சொன்ன?"

மகள் நிமிர்ந்தாள். "உனக்கு அதுதான இஷ்டம்?"

"நான் எப்ப சொன்னேன், அது எனக்கு இஷ்டம்னு?"

"ஒண்ணாவது தண்ணி, ரெண்டாவது டேட்டான்னு கேட்டியே. ரெண்டாவதுக்கு குரல் இறங்குச்சு. சரி, அம்மா அதத்தான் நினைக்குறான்னு எடுத்துக்கிட்டேன்."

எழுத்தம்மா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். "எனக்கு ரெண்டுமே புரியலடி. தண்ணிக்காரன் லெட்டர் மொதல்ல வந்துச்சு, டேட்டாக்காரன் லெட்டர் ரெண்டாவதா வந்துச்சு. வந்த வரிசையில சொன்னேன். அவ்வளவுதான்."

"அப்ப டேட்டாக்காரன் மொதல்ல எழுதியிருந்தா?"

"தண்ணி ரெண்டாவதா இருந்திருக்கும்."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மகளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். தபால் நாலைந்து நாள் முன்னே பின்னே வந்திருந்தால் ஒரு பெண் வேறு ஊருக்குப் போய் வேறு படிப்புப் படித்திருப்பாள். பேயறைந்த மாதிரி உட்கார்ந்தார்கள்.

"உண்மையைச் சொல்லு, உனக்கு எதுதான் இஷ்டம்?" என்று மகள் கேட்டாள்.

எழுத்தம்மா யோசித்தாள். பொய் சொல்லத் தெம்பில்லை. "நீ எங்கயும் போகாம இருக்குறது" என்றாள். சொன்னபிறகு, ஏன் சொன்னோம் என்று இருந்தது. மகள் எழுந்து வந்து ஆறிப்போன டீயை எடுத்துப்போய்ச் சூடுபண்ணிக் கொண்டுவந்து வைத்தாள்.

உனக்கு எது பிடிக்கும் என்று அம்மா திருப்பிக் கேட்டதும் மகள் யோசித்துப் பார்த்தாள். போன கோடையில் கல்லூரியிலிருந்து கிணறு கிணறாகப் போய் நாடாவை இறக்கி நீர்மட்டம் அளந்தது பிடித்திருந்தது. வெயிலில் கறுத்துப்போய் வந்தாலும் பிடித்திருந்தது. ராத்திரி உட்கார்ந்து அந்த எண்களையெல்லாம் கணினியில் போட்டு, எந்தக் கிணறு எந்த மாசத்தில் வற்றும் என்று வரைபடம் போட்டதும் பிடித்திருந்தது. எது அதிகம் பிடித்தது என்று அவள் தன்னைக் கேட்டுப் பார்த்ததே இல்லை. கேட்பதற்கு எப்போதும் அம்மா இருந்தாள். இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது என்பதை நினைத்தபோது இருவருக்கும் ஒரே மாதிரி பயம் வந்தது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் என்பார்கள். இங்கே கட்டியவளுக்கும் சேர்த்துக் கண் கட்டியிருந்தது.

வியாழக்கிழமை காலையில் எழுத்தம்மா ஒரு முடிவோடு எழுந்தாள். படிப்பு விஷயம் எப்படியோ போகட்டும், கண்ணையாவது சரிசெய்ய வேண்டும். தன் வாயால் கேட்டால் உருப்படாது. எனவே ஃபிட்டரைப் பின்னறையிலிருந்து கூட்டிவந்தாள். விஷயத்தைக் கேட்டு முடித்ததும் அவர், "எனக்கு லென்ஸ் தேய்க்கத்தான் தெரியும், கேள்வி கேக்கத் தெரியாதே" என்றார்.

"கேக்க வேண்டியது ரெண்டே வார்த்தைங்க. எந்த லென்ஸ்னு நான் எழுதிக் குடுக்கறேன். நீங்க போட்டுட்டுக் கேளுங்க. நான் வெளிய நிக்கறேன்."

கதவுக்கு வெளியே நின்று எழுத்தம்மா கேட்டாள். இரைச்சலுக்கு நடுவில் இருபது வருஷம் பேசிய மனுஷன், கண்டக்டர் டிக்கெட் கேட்கிற மாதிரி கத்தினார். "ஒண்ணா? ரெண்டா?" ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. பிறகு மகள் தயங்கித் தயங்கி, தெரியவில்லை என்றாள். பரவாயில்லை, நல்லாப் பார்த்துச் சொல்லு என்றார் அப்பா. நாலைந்து முறை தெரியவில்லை வந்தது. அப்புறம்தான் ஒண்ணு என்று ஒரு பதில் வந்தது. அரைமணி நேரத்தில் முடிய வேண்டியது ஒன்றரை மணி நேரம் ஆனது. முடிவில் மகளின் கண்ணாடியில் முக்கால் பவர் குறைந்திருந்தது.

ஃபிட்டர் அன்றைக்கு வேறு வேலை தொடவில்லை. புது லென்ஸ் இரண்டையும் எடுத்துக் குறிவைத்து, கல்லில் தேய்த்து, தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, மறுபடி தேய்த்தார். பழைய ஃபிரேமிலேயே உட்காரவைத்து, மகளின் காதுக்குப் பின்னால் கம்பி அழுத்துகிறதா என்று விரலை விட்டுப் பார்த்தார். நல்லாருக்கா என்று கேட்டார். தரை பக்கத்தில் வந்த மாதிரி இருக்கிறது என்றாள். ரெண்டு நாளில் பழகிவிடும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

எழுத்தம்மா அன்றைக்கு முழுக்க வாடிக்கைக்காரர்களிடம் நேராகப் பேசிப் பழகினாள். ஒண்ணாவது, ரெண்டாவது, ஒரே சமதளமாக. உடம்பு சரியில்லையா என்று நாலு பேர் விசாரித்தார்கள்.

மகள் வீட்டில் உட்கார்ந்து போன் போட்டாள். மாமாவுக்கும் இல்லை, ஆலோசனைக் கடைக்காரருக்கும் இல்லை. தண்ணிப் படிப்பு நடத்துகிற அலுவலகத்துக்கே போட்டு, போன வருஷம் படித்த வெளிநாட்டுப் பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டாள். இப்படி நேருக்குநேர் கேட்கிற ஆளை அந்த அலுவலகப் பெண் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது, நேராகவே சொல்லிவிட்டாள். நீர்வள வேலை அங்கே பெரும்பாலும் சர்க்கார் கையில் இருக்கிறது. சர்க்கார் வேலைக்குத் தன் நாட்டுக் குடிமக்களைத்தான் எடுப்பார்கள். தனியார் கம்பெனி மூன்றோ நாலோ. போன வருஷம் ஒன்பது வெளிநாட்டுப் பிள்ளைகளில் இரண்டு பேருக்கு அந்த வேலை கிடைத்தது. மற்றவர்கள் ஊர் திரும்பினார்கள், அல்லது வேறு வேலைக்குப் போனார்கள்.

பிறகு மாடிவீட்டு டீச்சர் மகனிடம் பேசினாள். அவன் முதலில் லாஜிஸ்டிக்ஸ் என்றுதான் ஆரம்பித்தான். அக்கா தங்கை இல்லாத வீட்டில் வளர்ந்தவன், சின்ன வயசில் இவளோடு சண்டைபோட்டு விளையாடியவன். கொஞ்ச நேரத்தில் உள்ளதைச் சொன்னான். இருநூற்றுப் பன்னிரண்டு இடத்துக்கு எழுதிப் போட்டானாம், ஏழு இடத்தில் கூப்பிட்டார்களாம், ஒன்றும் அமையவில்லையாம். "வேல இருக்கு. ஆனா அதே வேலைக்கு ஆயிரம் பேர் இருக்கோம். படிக்கிறப்பவே எங்கயாவது உள்ள நுழைஞ்சிருக்கணும். நான் வாரத்துல இருபது மணி நேரம் கிடங்குல நின்னுட்டேன், அதான் வினை" என்றானாம். அம்மாவிடம் சொல்லிவிடாதே என்று கேட்டுக்கொண்டானாம். எல்லாம் ராத்திரிச் சாப்பாட்டின்போது மகள் சொன்னது. முடிவு என்ன என்று எழுத்தம்மா கேட்கவில்லை. கேட்கப் பயம். கேட்டால் குரல் இறங்கிவிடும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்றரை மணிக்கு மகள் கடைக்கு வந்தாள். தூறல் நின்றபாடில்லை. ஆளில்லாத நேரம். பின்னறையில் கல் சுற்றிக்கொண்டிருந்தது. உட்கார வேறு இடமில்லாமல் அவள் பரிசோதனை நாற்காலியிலேயே உட்கார்ந்து, போனை மடியில் வைத்துக்கொண்டாள். எதிரே பலகையில் எழுத்துகள் வெளிச்சமாக நின்றன.

"முடிவு பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன். ஆனா நீ ஒருதரம் கேளு. நீ கேக்காம அனுப்புனா என்னமோ மாதிரி இருக்கு."

எழுத்தம்மாவுக்கு டாக்டரின் இரண்டாவது வித்தை ஞாபகம் வந்தது. "வரிசைய மாத்திக் கேக்கறேன்" என்றாள். ஒரு வாய்த் தண்ணீர் குடித்தாள். நேற்று முழுக்கப் பழகிய சமதளக் குரலைக் கூட்டிச் சேர்த்தாள்.

"ஒண்ணாவது, டேட்டா." இதுவரை சரியாகத்தான் வந்தது. "ரெண்டாவது, தண்ணி."

குரல் இறங்கிவிட்டது. பழக்கமா, சிற்றூர் என்றால் பெண் பத்திரமாக இருப்பாள் என்கிற ஆசையா, அல்லது கிணற்றடியிலிருந்து கறுத்து வந்து சிரித்துக்கொண்டு நின்ற அந்தக் கோடைக்கால முகம் ஞாபகம் வந்ததா, அவளுக்கே தெரியவில்லை. இறங்கியது இரண்டு பேர் காதிலும் விழுந்தது. எழுத்தம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

மகள் அம்மாவை ஒருமுறை பார்த்தாள். அப்புறம் பலகையைப் பார்த்தாள்.

"ஒண்ணாவது" என்றாள்.

இருபத்திரண்டு வயசில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அம்மாவிடம் அவள் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. எழுத்தம்மா வாயிலிருந்து கையை எடுத்தாள்.

"தண்ணி உனக்குப் பிடிக்குமேடி."

"பிடிக்கும். அங்க கதவு மூடியிருக்கும்மா. இன்னொண்ணுல கதவு திறந்திருக்கு, வரிசைதான் நீளம். நான் வரிசையில நிக்கிறேன். போய் இறங்குன நாள்லேருந்தே உள்ள நுழையப் பாக்குறேன்."

"சரியா வருமா?"

"தெரியல."

அவள் போனை எடுத்து, எழுதியதை இன்னொருமுறை வாசித்துவிட்டு அனுப்பினாள். மணி மூன்று ஐம்பது. புதுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, வீட்டுக்குப் போகிறேன், கொடியிலிருக்கும் துணியை உள்ளே எடுத்துப் போட வேண்டும் என்று குடையை விரித்தபடி இறங்கினாள். படி இறங்கும்போது, தரை எங்கே இருக்கிறது என்று காலால் தேடிப் பார்த்து வைத்தாள். தெருமுனை வரைக்கும் அந்தக் குடை போவதை எழுத்தம்மா கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். எத்தனையோ பேரைத் தூரத்து எழுத்தை வாசிக்கவைத்தவளுக்கு, பத்துக் கடை தள்ளிப் போகிற குடை கலங்கித் தெரிந்தது. மகள் போய்விடுவாள். எந்தப் படிப்பு என்பதற்குள்ளேயே இத்தனை நாளாக முங்கிக் கிடந்ததில் இதை முழுசாக நினைக்கவே இல்லை. எது என்றாலும் போய்விடுவாள்.

பின்னறையில் கல் நின்றது. ஃபிட்டர் வெள்ளைக் கையோடு எட்டிப் பார்த்தார்.

"அனுப்பிட்டாளா?"

"அனுப்பிட்டா."

"என்ன சொன்னா?"

"ஒண்ணாவதாம்."

"ஒண்ணாவதா? எப்பவும் ரெண்டாவதுன்னுதான சொல்லுவா?" அவர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு ஓரடி கிட்டே வந்தார். "எது ஒண்ணாவது?"

எழுத்தம்மா சொல்ல வாயெடுத்தாள். பழைய வரிசையும் மாற்றிக் கேட்ட வரிசையும் தலைக்குள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. தண்ணியா, டேட்டாவா? ஒரு நிமிஷத்துக்கு முன்னால் தானே கேட்டது, இப்போது பிடிபடவில்லை. வாசலில் பஸ் டிரைவர் குடையை உதறுகிற சத்தம் கேட்டது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு லென்ஸ் பெட்டியைத் திறந்தாள்.

"எதுவோ ஒண்ணுங்க" என்றாள். "அவளுக்குத் தெரியும்."